வெளிநாட்டுப் பெட்ரோல் பங்கில் எந்தக் குழாய்? பாண்டி, கடலூர் மக்கள் சொல்லுங்களேன்

முத்தியால்பேட்டைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் குடும்பம் 62-இல் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு ஆப்ஷன் எழுதிய குடும்பம். மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அந்த வழியில் இப்போது நாங்களும் பிரான்ஸுக்குக் கிளம்புகிறோம். லியோன் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பஸ் வசதி கம்மி, கார் இல்லாமல் கறிகாய்கூட வாங்க முடியாது என்கிறார் கொழுந்தனார். எங்களுக்காகப் பழைய டீசல் கார் ஒன்றையும் பேசி வைத்திருக்கிறார்.

வண்டி ஓட்டப் பயமில்லை. ரோட்டில் வலது பக்கமாகப் போவதும் பழகிவிடும். எனக்குப் பயமெல்லாம் பங்கில்தான். இங்கே "ஜீரோ பாருங்கம்மா" என்று பையன் சொல்வான், நான் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். நாசிலைக் கையால் தொட்டதே கிடையாது. அங்கே ஆளே இருக்க மாட்டார்களாம். கார்டு போடுவது, குழாயை எடுப்பது, நிறுத்துவது எல்லாம் நாமேதான். ஒரே பம்பில் நாலைந்து குழாய் தொங்குமாம். எதை எடுப்பது? மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? கொழுந்தனாரைக் கேட்டால் "வாங்க அண்ணி, காட்டுகிறேன்" என்பதோடு சரி.

சர்சேல் வாசி:
வாங்க அக்கா. சொந்த ஊர் லாஸ்பேட்டை, இப்போது பாரிஸ் பக்கம். பிரான்ஸ் பம்பில் டீசலுக்கு "கஸோல்" என்று எழுதியிருக்கும். உங்களுக்கு அதுதான். பெட்ரோலில் எஸ்பி95-இ10, எஸ்பி95, எஸ்பி98 என்று மூன்று வகை (95, 98 என்பது பெட்ரோலின் ஆக்டேன் எண்). எல்லா பங்கிலும் மூன்றும் இருக்காது. அதோடு இ85 என்று ஒன்று உண்டு. அதன் மலிவு விலையைப் பார்த்தால் கை தானாகப் போகும். போக விடாதீர்கள்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே அடையாளம் வந்துவிட்டது. வட்டத்துக்குள் எழுதியிருந்தால் பெட்ரோல் வகை, சதுரத்துக்குள் இருந்தால் டீசல் வகை, சாய்சதுரம் என்றால் கேஸ். வட்டத்துக்குள் இ5, இ10, இ85 என்று வரும், சதுரத்துக்குள் பி7, பி10 என்று வரும். இ என்பது எத்தனால், பி என்பது பயோடீசல், எண் என்பது அதிகபட்சம் எத்தனை சதவீதம் கலந்திருக்கலாம் என்பது. நாசிலிலும் பம்பிலும் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் டேங்க் மூடிக்குப் பக்கத்திலும் அதே சின்னம் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போட்டால் முடிந்தது வேலை. ஸ்பெயின், இத்தாலி என்று எங்கே போனாலும் இந்த வடிவம் மாறாது.

உங்கள் கார் அதற்கு முந்தையது என்றால் ஸ்டிக்கர் இருக்காது. அப்போது கார்த் கிரீஸைப் பாருங்கள், அங்கத்து ஆர்சி புக் அதுதான். எரிபொருளுக்கென்று ஒரு கட்டம் இருக்கும். ஜிஓ என்று போட்டிருந்தால் டீசல், இஎஸ் என்றால் பெட்ரோல். பழைய கார் வாங்கும்போது விற்கிறவர் வாயால் சொல்வதைவிட இந்தக் கட்டம் நம்பகமானது.

ரெட்டியார்பாளையம் பெரியவர்:
வட்டம் சதுரம் என்று ஏன் கணக்குப் பாடம் நடத்துகிறீர்கள்? பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நானே பார்த்தேன். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்டுட்கார்ட் கடலூரான்:
ஐயா, அது லண்டனுக்குச் சரி. நிறத்துக்கு உலகப் பொது வழக்கம் எதுவும் கிடையாது. அக்கா போகிற பிரான்ஸில் டீசலுக்கு மஞ்சள்தான் பழைய வழக்கம்.

ஜோகூர் பாலம்:
மஞ்சளா! மலேசியாவில் மஞ்சள் குழாய் என்றால் ரான்95, அதாவது 95 ஆக்டேன் பெட்ரோல். பச்சை ரான்97, கறுப்பு டீசல். நான் சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில் ஜோகூர் போய் வருவேன். சிங்கப்பூர் பதிவு எண் வண்டி மஞ்சளைத் தொடவே கூடாது. அது மலேசிய அரசு மானியம் கொடுக்கிற பெட்ரோல். வெளிநாட்டு வண்டிக்கு விற்கக் கூடாது என்று 2010-லிருந்தே தடை இருக்கிறது. நாங்கள் 97-தான் போட வேண்டும். தெரியாத மாதிரி மஞ்சளை எடுத்தால் பக்கத்தில் நிற்பவர் போட்டோ எடுத்து வலையில் ஏற்றிவிடுவார், ஊர் சிரிக்கும்.

இன்னொரு கூத்தும் உண்டு. சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்டிப் போக வேண்டுமானால் டேங்கில் முக்கால்வாசி இருந்தாக வேண்டும். காலி டேங்கோடு போய் அந்தப் பக்கம் மலிவாக நிரப்பிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக. கடலூர்க்காரர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பாண்டி எல்லையில், நம் முள்ளோடையில் அப்படி ஒரு சட்டம் வந்தால் நம் கதி என்ன?

முள்ளோடை பங்க்:
எங்கள் பொழப்பில் கை வைக்காதீர்கள் அண்ணே. பாண்டியில் வரி கம்மி என்பதால்தான் கடலூர் வண்டியெல்லாம் இங்கே வந்து நிற்கிறது.

ஜெர்சி நெல்லித்தோப்பு:
நிறம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அமெரிக்காவில் பச்சைக் குழாய் என்றால் பெரும்பாலும் டீசல். ஒரு கம்பெனியின் பங்கில் மட்டும் பச்சையில் பெட்ரோல் வரும். ஆக, பெரியவர் லண்டன் கணக்கோடு இங்கே வந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

இங்கே பெட்ரோலை "கேஸ்" என்றுதான் சொல்வார்கள். பம்பில் 87, 89, 93 என்று ஆக்டேன் எண்ணோடு பொத்தான் இருக்கும். 87-ஐப் பார்த்து "நம்மூரிலேயே ஆக்டேன் 90-க்கு மேல், இது மட்டமான சரக்கா" என்று பயந்து 93 போடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கிடும் முறைதான் வேறு. இங்கத்து 87 ஏறக்குறைய நம்மூர்க் கணக்கில் 91-க்குச் சமம். கார் கையேட்டில் 87 போதும் என்றிருந்தால் 93 போட்டு எந்தப் பயனும் இல்லை, காசுதான் வீண்.

இந்தியக் கார்டோடு வருகிறவர்களுக்கு ஒன்று. பம்ப் ஐந்து இலக்க பின்கோடு கேட்கும். நம் பாண்டி 605001-ஐ அடித்தால் எடுக்காது. உள்ளே கல்லாவுக்குப் போய், "நாலாம் நம்பர் பம்ப், நாற்பது டாலர்" என்று முன்பணம் கட்டிவிட்டு வந்து போடுங்கள். மிச்சம் இருந்தால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

நியூ ஜெர்சியில் மட்டும் நீங்கள் வண்டியைவிட்டு இறங்கவே வேண்டாம். இங்கே ஆள் வந்து போட்டுவிட வேண்டும் என்பது 1949-லிருந்து சட்டம். ஒரெகனில் 2023-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், இப்போது நாங்கள் மட்டும்தான் மகாராஜாக்கள்.

முத்தியால்பேட்டைக்காரி:
சரி, நிறத்தை நம்பக் கூடாது என்று புரிகிறது. அப்புறம், மாற்றிப் போட்டால்?

ரெட்டியார்பாளையம் பெரியவர்:
ஒன்றும் ஆகாதம்மா. எங்கள் காலத்தில் லாரி டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டாதவர் யார்? குளிர் நாடுகளில் டீசல் உறையாமல் இருக்கப் பெட்ரோலையே கலப்பார்கள் என்று மகன் சொன்னான். கொஞ்சம் புகையும், அப்புறம் சரியாகிவிடும்.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
பெரியவர் சொன்னதை யாரும் கேட்டு நடந்துவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. பழைய இன்ஜின்களில், கடுங்குளிரில், அப்படிக் கலந்தது உண்டுதான். ஆனால் அந்த இன்ஜின் வேறு, இப்போது வருகிற காமன் ரெயில் (எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) இன்ஜின் வேறு.

பழைய டீசல் பம்பைக் கழற்றினால் இரும்புக் குண்டு மாதிரி இருக்கும். அதில் அழுத்தம் குறைவு. காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல், சில வண்டிகளில் இரண்டாயிரத்தையும் தாண்டும். அந்தப் பம்புக்குள் தனியாக ஆயில் கிடையாது, ஓடுகிற டீசல்தான் அதற்கு வழவழப்பு. பெட்ரோலுக்கு அந்த எண்ணெய்ப் பசை இல்லை. பெட்ரோல் உள்ளே போனதும் இருந்த பசையையும் கழுவிவிடும். இரும்போடு இரும்பு உரசி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடி உதிரும். நான் அப்படி ஒரு பம்பைத் திறந்து வெள்ளைத் துணியில் கவிழ்த்திருக்கிறேன். ஜிகினாத் தூள் கொட்டின மாதிரி மின்னியது. அந்தத் தூள் குழாய் வழியாக, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இஞ்செக்டர் வரைக்கும் போகும். அதோடு பம்ப், ரெயில், நாலு இஞ்செக்டர், டேங்க் கழுவுவது என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாகிவிடும். வண்டி விலையில் பாதி அங்கேயே போய்விடும்.

ஆகவே முக்கியமான ஒன்று: தப்பாகப் போட்டுவிட்டோம் என்று தெரிந்த நொடியில் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், அதுவும் போதாது. சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினாலே பல வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் மோட்டார் ஓடி, எரிபொருளை முன்னால் தள்ளிவிடும். பொத்தான் ஸ்டார்ட் வண்டியிலும் இதே கதைதான். கியரை நியூட்ரலில் போட்டு, ஆளை வைத்து ஓரமாகத் தள்ளுங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். டேங்கை முழுக்க இறக்கி, ஃபில்டரை மாற்றினால் பெரும்பாலும் அதோடு தப்பித்துவிடலாம். "பத்து லிட்டர்தானே போயிருக்கிறது, மேலே டீசல் ஊற்றி நிரப்பிவிட்டால் நீர்த்துவிடும்" என்கிற யோசனையும் வேண்டாம்.

பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் சேதம் கம்மி. ஸ்பார்க் பிளக் நனைந்து, புகை கக்கி, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கழுவி, பிளக் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

முள்ளோடை பங்க்:
மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு பின்குறிப்பு. பெட்ரோல் வண்டியில் டீசல் போவது அங்கெல்லாம் அபூர்வம். ஈயமில்லாப் பெட்ரோலுக்கான நாசில் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர் அளவு, டீசல் நாசில் 25 அளவு. பெட்ரோல் காரின் வாய் சின்னது, டீசல் நாசில் அதற்குள் நுழையாது. ஆனால் பெட்ரோல் நாசில் டீசல் காரின் வாயில் தாராளமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா வாங்குவது டீசல் கார் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சில புது டீசல் கார்களில் சின்ன நாசில் நுழையாதபடி உள்ளே தடுப்பு வைத்திருக்கிறார்கள், பழையதில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஒரு பழக்கமும் சொல்லித் தருகிறேன். நாசில் வாயில் லொட லொடவென்று ஆடினால் லிவரை அழுத்துவதற்கு முன் லேபிளை இன்னொரு தரம் படியுங்கள். எங்கள் பங்கில் புதுப் பையன்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரே மாடல் கார் பெட்ரோலிலும் டீசலிலும் வருகிறது, ஓட்டுகிறவர் தூக்கக் கலக்கத்தில் "ஃபுல்" என்று மட்டும் சொல்வார், பாவம் பையன் என்ன செய்வான்?

பாகூர்க்காரன்:
நாசில் தாராளமாகப் போகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. என் சித்தப்பா மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். பிள்ளைகளோடு இத்தாலிக்குப் போய் வாடகைக்கு ஒரு வேன் எடுத்தான். டீசல் வேன். அமெரிக்கப் பழக்கத்தில் பச்சைக் குழாயைப் பிடித்து நிரப்பிவிட்டான். இத்தாலியில் பச்சை என்றால் ஈயமில்லாப் பெட்ரோல். மூடிக்குள்ளேயே டீசல் என்று ஒட்டியிருந்ததாம், யார் பார்த்தது?

நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இழுக்காமல் விக்கியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நடுக்கம், கொஞ்சம் வெள்ளைப் புகை, அதோடு நின்றுவிட்டது. உச்சி வெயில், பின்சீட்டில் மூன்று பிள்ளைகள், சுற்றிலும் சூரியகாந்திக் காடு. கம்பெனிக்குப் போன் போட்டால், தவறான எரிபொருள் காப்பீட்டில் அடங்காது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கம் இருக்கிறதே என்றார்களாம். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் கூடுதல் காப்பீட்டுக்கும் பணம் கட்டியிருந்தான், எதுவும் கைகொடுக்கவில்லை. வாடகையைவிடக் கழுவின பில் பெரிது.

வாடகை வண்டி எடுக்கிறவர்கள் சாவியை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், டேங்க் மூடியைத் திறந்து போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி.க்காரன்:
எனக்கு ஒரு சந்தேகம். நம் பங்கில் இப்போது வருவதே இ20. ஊரே திட்டிக்கொண்டுதான் போடுகிறது, வண்டியும் ஓடுகிறது. அப்படியிருக்க பிரான்ஸில் இ10-ஐப் பார்த்து பயப்படத் தேவையில்லை. சரி. ஆனால் அந்த இ85, பாதி விலைக்குக் கிட்ட வருகிறது என்கிறார்களே, பெட்ரோல் கார் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட்டால் என்ன? என் மச்சான் மார்செய்யில் அப்படித்தான் செய்கிறானாம்.

சர்சேல் வாசி:
உங்கள் மச்சான் மாதிரி ஆட்கள் இங்கே நிறைய. ஆனால் அது சட்டப்படி சரியில்லை. இ85 போட வேண்டுமானால் வண்டி தொழிற்சாலையிலிருந்தே அதற்கென வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இ85-க்கேற்ப எரிபொருள் பீய்ச்சும் அளவை மாற்றுகிற, அங்கீகரித்த பெட்டி ஒன்றை அனுமதி பெற்ற ஆளிடம் மாட்டி, கார்த் கிரீஸில் எரிபொருள் கட்டத்தையும் எஃப்இ என்று மாற்ற வேண்டும். இல்லாமல் போட்டு விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் விட்டு வைப்பாரா?

இ10 விஷயத்தில், 2000-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரச்சினை இல்லை. அதற்கும் பழசாக வைத்திருக்கிறவர்கள் 98-ஐப் போட்டுக்கொள்ளுங்கள், அது இ5. பிரிட்டனிலும் 2021-லிருந்து சாதாரணப் பெட்ரோல் இ10 ஆகிவிட்டது, சூப்பர் என்று விற்பதுதான் பழைய இ5.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
தொழில்நுட்பமும் அதையேதான் சொல்கிறது. எத்தனாலில் சக்தி கம்மி, அதனால் அதே வேலைக்கு அதிகமாகப் பீய்ச்ச வேண்டும். சாதாரண காரின் கம்ப்யூட்டர் ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். அதைத் தாண்டினால் இன்ஜின் விளக்கு எரியும், குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகாது, ரப்பர் பாகங்களும் கெடும். மச்சானிடம் சொல்லுங்கள்.

ஸ்டுட்கார்ட் கடலூரான்:
குளிர் என்றதும் ஞாபகம் வந்தது. டீசல் உறைவதைப் பற்றிப் பெரியவர் சொன்னாரே, அதற்காக நாம் எதையும் கலக்க வேண்டாம். ஜெர்மனியில் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை பங்கில் விற்பதே குளிர்கால டீசல்தான், மைனஸ் 20 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காது. பிரான்ஸிலும் குளிர்காலத்துக்கென்று தனித் தரம் உண்டு. இலையுதிர் காலத்தில் நிரப்பி, வண்டியை எடுக்காமலே வைத்திருந்து, நடுக்குளிரில் மலைப்பக்கம் போனால்தான் சிக்கல். லியோனிலிருந்து ஆல்ப்ஸ் பக்கம், பனி பார்க்கக் கட்டாயம் போவீர்கள். கிளம்புவதற்கு முன் புதிதாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

ரெட்டியார்பாளையம் பெரியவர்:
மெக்கானிக் தம்பி சொன்ன பம்ப் கதை நியாயமாகத்தான் படுகிறது. இருந்தாலும் எங்கள் லாரி நாற்பது வருஷம் ஓடியது.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
அந்த லாரியைப் போல் ஒன்று இனி வராது ஐயா, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டைக்காரி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொழுந்தனாரைத் தொல்லை செய்து மூடியைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சதுரத்துக்குள் பி7 என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே நீல நிறத்தில் இன்னொரு சின்ன மூடி இருக்கிறது. அது எதற்கு? இன்னொன்று, ஆளில்லாத பங்கில் நாற்பது யூரோவுக்குப் போட்டால் கார்டில் நூறு யூரோவுக்கு மேல் எடுத்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரரின் நண்பர் பயமுறுத்துகிறார், நிஜமா?

சர்சேல் வாசி:
எடுப்பதில்லை அக்கா, நிறுத்தி வைப்பார்கள். எவ்வளவு போடப் போகிறீர்கள் என்று மெஷினுக்குத் தெரியாததால் முதலில் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைக்கும். பிறகு போட்ட அளவுக்கு மட்டும் கணக்கில் கழியும், மீதி விடுபடும். உங்கள் பேங்கைப் பொறுத்து அதற்குச் சில நாள்கூட ஆகலாம். மாசக் கடைசியில் கணக்கில் ஐம்பது யூரோதான் இருக்கிறதென்றால் மெஷின் கார்டையே ஏற்காமல் போகலாம். அப்போது கல்லாவில் ஆள் இருக்கிற நேரம் பார்த்துப் போங்கள்.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
நீல மூடி ஆட்ப்ளூவுக்கு. யூரியா 32.5 சதவீதம், மீதி சுத்தத் தண்ணீர். இது எரிபொருளே இல்லை, சைலன்சர் பக்கம் பீய்ச்சிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைப்பதற்கு. அதற்குத் தனி டேங்க். தீரப் போகிறதென்றால் இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று டாஷ்போர்டு முன்கூட்டியே எச்சரிக்கும். அலட்சியமாக விட்டு முழுக்கத் தீர்ந்துபோனால், நிறுத்தின வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

பெட்ரோலை டீசல் டேங்கில் ஊற்றுவதைவிட மோசமானது இந்த ஆட்ப்ளூவை டீசல் டேங்கில் ஊற்றுவது. உள்ளே உப்புப் படிகமாகப் படிந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். அங்கேயும் சட்டம் அதேதான், சாவியைத் தொடாதீர்கள். பங்கில் ஆட்ப்ளூவுக்குத் தனிக் குழாய் இருக்கும், இல்லையென்றால் கடையில் கேன் கிடைக்கும். கேனில் வாங்கினால் டேங்க் வாயில் பொருந்துகிற மூக்கோடு சேர்த்து வாங்குங்கள், புனல் வைத்து ஊற்றினால் சிந்தும். பெயிண்டில் சிந்தினால் காய்வதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் மீந்த கேனைக் குளிரில் வெளியே வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.